பையன் கில்ட் கட்டணும்னு நிக்கிறான்: ஸ்காட்லாந்து பாரம்பரியத்துல எது நிஜம், எது வேஷம்?

கிளாஸ்கோ அக்கா

எல்லாருக்கும் வணக்கம். பெரிய பதிவு, கொஞ்சம் பொறுமையா படிங்க. நாங்க கிளாஸ்கோ வந்து 11 வருஷம் ஆச்சு. மூத்தவனுக்கு 17 வயசு, இந்த ஜூன்ல ஸ்கூல் முடிக்கிறான், முடிக்கிற பசங்களுக்கு ஒரு டான்ஸ் வைப்பாங்க, அதுக்குப் பசங்க முக்காவாசிப் பேரு கில்ட்லதான், அதான் இங்க ஆம்பளைங்க கட்டுற மடிப்பு வச்ச பாவாடையிலதான், வருவாங்க. இவனும் கில்ட்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சரின்னு வாடகைக்கு விடுற கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடைக்கார அம்மா தங்கமானவங்க, டேப் வச்சு இடுப்பு அளவு எடுத்துக்கிட்டே "உங்க குடும்பத்துக்கு ஏதாவது கிளான் இருக்கா, எந்த டார்டன் எடுக்கட்டும்"னு கேட்டாங்க. கிளான்னா ஒரே பேர் வச்ச வம்சக் கூட்டம், டார்டன்னா கில்ட்டுக்கான கட்டம் போட்ட துணி, கிளானுக்கு ஒரு கட்டம்னு சொல்வாங்க. எல்லார்கிட்டயும் கேக்கிற கேள்விதான், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. நான் விருதுநகர் பக்கம். "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேப்பாங்கல்ல, அந்தக் கேள்வி கடல் தாண்டி வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. பையன் பதில் சொல்லாம கண்ணாடியையே பாத்துக்கிட்டு நின்னான். திரும்பி வர்றப்ப பஸ்ல கேட்டான், "அம்மா, நமக்கு இங்க எதுவுமே கிடையாதா?"

எனக்கு ரெண்டு மனசா இருக்கு. எங்கூட ஆஸ்பத்திரி வார்டுல வேல பாக்கிற ஸ்காட்டிஷ் பொண்ணு கில்ட், பேக்பைப் எல்லாத்தையும் கண்டாலே மூஞ்சிய சுளிக்கும், "அது ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பா மேல இருக்கிற படம், நாங்க அது இல்ல"ன்னு சொல்லும். ஆனா எங்க குளோஸ்ல, அதான் எங்க கட்டடத்துப் படிக்கட்டுல, கீழ் வீட்டுப் பெரியவர் போன வருஷம் பொண்டாட்டி இறந்தப்ப கில்ட் கட்டிக்கிட்டுதான் அடக்கத்துக்குக் கிளம்பினாரு. வாசல்ல நின்னு முன்பக்கத்த ரெண்டு கையாலயும் தடவித் தடவி நீவி விட்டுக்கிட்டே இருந்தாரு, கார் வந்து நின்னதுகூட தெரியல அவருக்கு. அத வேஷம்னு எனக்குச் சொல்ல வரல. நீங்கல்லாம் என்ன நினைக்கிறீங்க?

பழைய பேப்பர்

அக்கா, நான் எடின்பரோல இருக்கேன், வரலாறு படிச்சவன், அதனால மனசுல பட்டத சொல்லிடறேன். உங்க வார்டு தோழி சொல்றதுல நிறைய நியாயம் இருக்கு. இன்னைக்கு நாம பாக்கிற "ஒவ்வொரு கிளானுக்கும் ஒரு டார்டன்" ஏற்பாடு பழங்காலத்து விஷயமே கிடையாது. 1815ல லண்டன்ல இருந்த ஹைலேண்ட், அதான் ஸ்காட்லாந்தோட வடக்கு மலைப்பக்கத்து, சங்கம் ஒண்ணு கிளான் தலைவர்கள் எல்லாருக்கும் "உங்க டார்டன் துணி ஒரு துண்டு அனுப்புங்க"ன்னு எழுதிக் கேட்டாங்க, தலைவர்கள்ல பல பேருக்கு தங்களுக்குன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. அப்புறம் 1822 ஆகஸ்ட்ல நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தாரு, வரவேற்பு ஏற்பாடு மொத்தமும் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் கையில, அவர்தான் ஊரையே டார்டன்ல முக்கி எடுத்தவரு. அதுவரைக்கும் எடின்பரோ மாதிரி லோலேண்ட், அதான் தெக்கத்திச் சமவெளிப் பக்கத்து, ஊர்க்காரங்க ஹைலேண்ட்காரன்னாலே திருடன், காட்டான்னுதான் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஒரே கோடையில அவன் துணிய எடுத்து நாட்டுக்கே போத்திட்டாங்க. 1842ல ரெண்டு அண்ணன் தம்பி, பழைய ஏடு கிடைச்சிருச்சுன்னு சொல்லி டார்டன் புஸ்தகம் ஒண்ணு போட்டாங்க, அந்த ஏடே பொய், ஆனா அதுல இருந்த டிசைன்ல பல இன்னைக்கும் கடையில கிளான் பேர் சொல்லி விக்குது. இப்ப கட்டுற சின்ன கில்ட்டையே 1720கள்ல ராலின்சன்னு ஒரு இங்கிலீஷ் இரும்பு முதலாளிதான் கொண்டுவந்தாருன்னு ஒரு பேச்சு உண்டு, அதுல அறிஞர்களுக்குள்ள இன்னும் சண்டை இருக்கு, அதனால அத நான் பிடிச்சுக்கல. கிளான் டார்டன் விஷயம் மட்டும் உறுதி.

பையன் தாராளமா கட்டட்டும். ஆனா இது ஆயிரம் வருஷத்து மரபுன்னு யாராச்சும் சொன்னா நம்ப வேண்டாம்.

அபர்டீன் அண்ணாச்சி

பழைய பேப்பர் தம்பி சொன்ன 1822 சரிதான், ஆனா கதைய அங்கயே ஆரம்பிச்சா துணி கட்டினவனுக்கு அநியாயம் பண்ற மாதிரி ஆயிரும்லா. கிளானுக்கு ஒண்ணுன்னு பிரிச்சதுதான் புதுசு, துணி புதுசு இல்ல. ஹைலேண்ட்ல கிளென் ஆஃப்ரிக்ல பீட் சேத்துக்குள்ள, அதான் மக்கின செடி படிஞ்ச சதுப்புக்குள்ள, இருந்து ஒரு டார்டன் துண்டு எடுத்தாங்க, 1500க்கும் 1600க்கும் நடுவுல உள்ளதுன்னு சோதனையில தெரிஞ்சு 2023ல டன்டீ மியூசியத்துல வச்சாங்க, நான் போய்ப் பாத்தேன். சின்னத் துண்டு, பழுப்பேறிக் கிடக்கு, ஆனா கட்டம் தெளிவாத் தெரியுது, பச்சையும் சிவப்பும் மங்கலா இருக்கு. எவனோ ஒரு ஏழை வயக்காட்டுல கட்டுனது. முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

1746 ஏப்ரல்ல கலோடன் சண்டையில, மன்னரை எதிர்த்து நின்ன ஹைலேண்ட் படை அரசாங்கப் படைகிட்ட தோத்து, ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அரசாங்கத்துக்காரன் சட்டம் போட்டான், ஹைலேண்ட்ல ஆம்பளையோ பையனோ கில்ட் கட்டுனா 6 மாசம் ஜெயில், ரெண்டாவது தடவ பிடிபட்டா 7 வருஷம் நாடு கடத்தல். அரசாங்கப் பட்டாளத்துல சேந்தா மட்டும் கட்டலாம். 1782 வரைக்கும் இந்தச் சட்டம் இருந்துச்சு, 35 வருஷம், ஒரு தலைமுறையே கட்டாம வளந்து போச்சு. ஊருக்குள்ள கட்டுனா குத்தம், மன்னருக்காக சாகப் போறப்ப கட்டுனா பெருமை. இத யோசிச்சுப் பாருங்க. அப்படி அறுந்து போன ஒண்ண 1822ல யாரோ தப்பும் தவறுமா முடிச்சுப் போட்டுக் கட்டினாங்கன்னா, முடிச்சு போட்டவன் மேல கோவப்படுங்க, அறுத்தவன மறந்துராதீங்க.

அக்கா, கிளான்ங்கிறத நம்ம ஊர் சாதியோட சேத்து யோசிக்காதீங்க. ஒரே பேர் வச்சவன் எல்லாம் ஒரே ரத்தம் கிடையாது, தலைவன் நிலத்துல குடியிருந்து அவன் பாதுகாப்புல இருந்தவன் அவன் பேரையே வச்சுக்கிட்டது நிறைய உண்டு. பொறப்பு மட்டுமே கணக்குன்னா அந்தக் காலத்துலயே பாதிப் பேரு வெளிய நின்னிருப்பான்.

மலைநாட்டுப் பேத்தி

அண்ணாச்சி எழுதினத படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. எங்க அம்மாச்சி பொறந்தது இலங்கையில தலவாக்கலை பக்கம், ஹோலிரூட் தோட்டத்துல. எடின்பரோல ராஜா அரண்மனைக்கு என்ன பேரோ அதே பேரு. புண்டுலுஓயால டன்சினேன் தோட்டம், அதுவும் இங்க உள்ள ஒரு மலையோட பேரு. இங்க ரோட்டுல போறப்ப போர்டுல அந்தப் பேருங்கள பாத்தா எனக்கு லயத்து, அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டு, வாசல் ஞாபகம் வந்துரும். 1867ல லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அம்மாச்சி சாகிற வரைக்கும் "தொரை"ன்னுதான் சொன்னாங்க, பேர் சொன்னதே இல்ல.

நான் ரெண்டு வருசத்துக்கு முன்ன ஹைலேண்ட்ல, சதர்லாந்துல ஸ்ட்ராத்நேவர் போயிருந்தேன், ரோசால்னு ஒரு கிராமம், 1814லருந்து 1818க்குள்ள சனத்த வெளியேத்தி நிலத்த ஆடு மேய்க்க விட்ட ஊரு. இப்ப வெறும் கல்லு வரிசைதான். ஒரு வீட்டுக்குள்ள போய் நின்னேன், கல்லு முழங்கால் உயரம் இருந்துச்சு, அகலம் பத்து அடி வந்தா ஜாஸ்தி. எங்க லயத்துக் காம்பராவும் அதே அளவுதான்ங்க. ஒரு பக்கம் அழுகையா வந்துச்சு, இன்னொரு பக்கம் கோவம், இங்கருந்து துரத்தப்பட்ட ஆளுங்கதான அங்க வந்து எங்க ஆளுங்கள காலை 6 மணிக்கு பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, நிக்க வச்சாங்கன்னு. அவங்களுக்காக அழுறதா, இல்ல கேள்வி கேக்குறதா, எனக்கு இன்னைக்கும் தெரியல.

அபர்டீன் அண்ணாச்சி

தங்கச்சி, படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்துட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லணும், டெய்லர் ஹைலேண்ட்காரர் இல்ல, எங்க அபர்டீனுக்குத் தெக்க கின்கார்டின்ஷயர்ல பொறந்தவரு, லோலேண்ட் பக்கம். தோட்டத்துத் துரைமாருல நிறையப் பேரு இந்த வடகிழக்குப் பக்கத்துல ஓரளவு படிச்ச, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைங்க. ரோசால்ல வீடு இழந்தவங்க பெரும்பாலும் கடலோரத்துல மீனு பிடிக்கப் போனாங்க, இல்ல கப்பல் ஏறி கனடா போனாங்க. அதனால உங்க அழுகையும் கோவமும் ஒரே ஆள் மேல போய் விழல. ரெண்டுமே நியாயமானதுதான்.

பழைய பேப்பர்

இதத்தான் நான் சொல்ல வந்தேன், சரியா சொல்லாம விட்டுட்டேன். எடின்பரோ நேஷனல் கேலரியில ரேபர்ன் வரைஞ்ச ஒரு பெரிய படம் இருக்கு, கிளென்கேரி தலைவர் மெக்டொனெல். டார்டன், துப்பாக்கி, தோள்ல போர்வைன்னு ராஜா மாதிரி நிப்பாரு, சின்ன வயசுல டீச்சர் கூட்டிட்டுப் போய் காட்டுவாங்கல்ல, அந்த வகைப் படம். 1815ல "உண்மையான ஹைலேண்டர்கள் சங்கம்"னு ஆரம்பிச்சதும் இவர்தான், 1822 ஊர்வலத்துலயும் இவர் இருந்தாரு. அதே கிளென்கேரி நிலத்துலருந்து குடியானவங்க கூட்டம் கூட்டமா கனடா போனாங்க, ஒன்டாரியோல கிளென்கேரின்னு ஒரு மாவட்டமே இருக்கு. உடுப்ப காப்பாத்தணும்னு கத்தினவரு உடுத்திக்கிட்டு இருந்தவன காப்பாத்தல. டார்டன் பொய்ங்கிறதால எனக்குக் கோவம் வரல, அதுக்குப் பின்னாடி ஆள மறைச்சிட்டாங்களேன்னுதான். கில்ட்ட தினசரி உடுப்பா வச்சிருந்தவன் கப்பல்ல போயிட்டான், அவன வெளியேத்தினவன் அத விழா உடுப்பா ஆக்கி மாட்டிக்கிட்டான்.

கடைக்கார அண்ணன்

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், கிளாஸ்கோ கிழக்குப் பக்கம் 19 வருசமா மூலைக்கடை வச்சிருக்கிறன். நீங்கள் எல்லாரும் உடுப்பப் பற்றிக் கதைக்கிறியள், நான் சனத்தப் பற்றிச் சொல்லுறன். ஸ்காட்லாந்துக்காரன் கஞ்சன், ஸ்காட்லாந்துக்காரன் குடிகாரன் எண்டு லண்டனில இருக்கிற எங்கட ஆக்களே பகிடி விடுவினம். எனக்கு அது கேக்க ஏலாது.

கஞ்சன் எண்டால், என்ர கடைக்கு வாற வயசுபோன அம்மாமார் பர்சத் திறந்து ஒவ்வொரு பென்னியா எண்ணி வைப்பினம், உண்மை. கிழமைக்கு எவ்வளவு எண்டு கணக்குப் போட்டுச் சீவிச்ச சனம். ஆனா கவுண்டரில இருக்கிற புற்றுநோய் உண்டியலுக்கு மிச்சச் சில்லறை போடாமல் போன ஆளை நான் கண்டதே குறைவு. முதல் சேமிப்பு வங்கிகளில ஒண்டை 1810ல ரத்வெல் எண்ட சின்னக் கிராமத்தில ஒரு பாதிரியார்தான் தொடங்கினவர், ஹென்றி டங்கன், கூலிச் சனம் ஆறு பென்ஸ் எண்டாலும் கொண்டு வந்து போடட்டும் எண்டு. டன்ஃபர்ம்லினில நெசவுக்காரற்ற மகனாப் பிறந்த கார்னகி அமெரிக்காவில உழைச்சு உலகமெல்லாம் 2,500க்கு மேல நூலகம் கட்டக் காசு குடுத்தவர். அவர் தன்ர ஆலையில தொழிலாளிகளை நடத்தின விதம் வேற கதை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா இந்தச் சனத்துக்குக் கஞ்சன் எண்ட பேர் எப்பிடிப் பொருந்தும்?

குடி எண்டது பகிடியே இல்ல. 2023ல மட்டும் குடியால வாற வருத்தத்தில 1,277 பேர் செத்தவை. அதில ரெண்டு பேரை எனக்குத் தெரியும், என்ர கடையிலதான் வாங்கினவை. முந்தி 7.5 சதவீத அல்ககோல் உள்ள சைடர் எண்ட அப்பிள் மது மூண்டு லிட்டர் போத்தல் நாலு பவுணுக்குள்ள வித்தனான். 2018 மே முதலாம் திகதி ஒரு யூனிட்டுக்கு (குடிவகையில இருக்கிற அல்ககோல அளக்கிற கணக்கு) 50 பென்ஸ் எண்டு அரசாங்கம் கீழ் விலை வச்சுது, அதே போத்தல் 11 பவுண் 25 பென்சுக்குப் போட்டுது, அண்டைக்கே அதை றாக்கையில இருந்து எடுத்தன். 2024 செப்டம்பர் கடைசியில 65 பென்ஸ் ஆக்கினவை. எனக்கு யாவாரம் குறைஞ்சது, ஆனா நான் அந்தச் சட்டத்துக்குப் பக்கம்தான். ஒருத்தர், கப்பல் கட்டுற யார்டில வேலை செய்தவர், யார்டு மூடினாப் பிறகு விடிய 10 மணிக்குக் கடை வாசலில நிப்பார், ஏனெண்டால் 10 மணிக்கு முன்னம் குடிவகை விக்கக் கூடாது. கை நடுங்கும். ஒரு நாளும் கடன் கேக்கேல்ல, ஒரு நாளும் நன்றி சொல்லாமல் போகேல்ல. தேநீர்க் கோப்பையில குடிகார ஸ்காட்லாந்துக்காரன் படம் போட்டு விக்கிறதக் காணேக்க எனக்கு அவற்ர கைதான் ஞாபகம் வரும்.

தீவு மருமகள்

அண்ணா, கண் கலங்கிருச்சு. நான் கோயம்புத்தூர், என் வீட்டுக்காரர் லூயிஸ் தீவு. அவங்க ஊர்ல யாரும் சும்மா நாள்ல கில்ட் கட்டி நான் பாத்ததே இல்லீங்க, எங்க கல்யாணத்துக்குக் கட்டினார், அப்புறம் பெட்டிக்குள்ள போயிருச்சு. ஆனா பாரம்பரியம்னா என்னன்னு நான் பாத்தது அங்கதான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இசைக்கருவி ஒண்ணுகூட கிடையாது. ஒரு பெரியவர் எந்திரிச்சு கேலிக்ல, அதானுங்க ஹைலேண்ட், தீவுப் பக்கத்துப் பழைய மொழியில, பைபிள் சங்கீதம் ஒரு வரி எடுத்துக் குடுப்பார், மொத்த சபையும் பின்னாடி வரும், ஆளுக்கு ஒரு வேகம், ஆளுக்கு ஒரு வளைவு, ஆனா அலை மாதிரி ஒண்ணாத்தான் வந்து விழும். மொத தடவ கேட்டப்போ புல்லரிச்சுப் போச்சுங்க. இத எந்த டப்பா மேலயும் போட முடியாது.

சித்தப்பா மாமனார் ஹாரிஸ் ட்வீட்ங்கற கம்பளித் துணி நெய்யறார், வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில, கால்ல மிதிக்கிற தறி. அந்தத் தீவுகள்ல, நெய்யறவங்க வீட்டுலயே கையால நெய்தாத்தான் அந்தப் பேரு வைக்கலாம்னு 1993ல பார்லிமென்ட் சட்டமே இருக்குங்க. தறிச் சத்தம் கேட்டா எனக்கு எங்க சோமனூர் ஞாபகம்.

மனசுக்கு ஒப்பாததும் உண்டு. 2009 வரைக்கும் ஞாயித்துக்கிழமை லூயிஸோட துறைமுக ஊரு ஸ்டோர்னவேலருந்து பயணிகள் கப்பலே கிடையாது, துணி காயப்போட்டாக்கூட ஒரு மாதிரி பாப்பாங்க. அந்தக் கெடுபிடி எனக்கு ஒத்து வரல, அந்தப் பாட்டு இல்லாமயும் இருக்க முடியல.

கேலிக் விஷயம் இன்னும் வலிங்க. 1872 கல்விச் சட்டத்துல கேலிக்னு ஒரு வார்த்தை கிடையாது, மாமியாரோட அம்மா ஸ்கூல்ல கேலிக் பேசினதுக்கு அடி வாங்கினவங்க, அதனால தன் பசங்ககிட்ட இங்கிலீஷ்லயே பேசிட்டாங்க. 2022 கணக்குல கேலிக் கொஞ்சமாவது தெரிஞ்சவங்க 1,30,161 பேரு, நாட்டுல 2.5 சதவீதம். 2025லதான் கேலிக்கும், ஸ்காட்ஸ்ங்கற இங்கத்த இன்னொரு மொழியும் ஆட்சி மொழின்னு சட்டம் வந்துச்சு. இப்ப என் பொண்ணு கேலிக் ஸ்கூல்ல படிக்கறா, பெரிய பாட்டிகிட்ட அவதான் கேலிக்ல பேசறா, நடுவுல ரெண்டு தலைமுறை சும்மா பாத்துட்டு நிக்கறாங்க. இங்க "எங்க ஊர்ல எவன் கேலிக் பேசினான், போர்டுல எதுக்கு"ன்னு சண்டை போடறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், கிளாஸ்கோவுக்கே கேலிக்ல Glaschuன்னு ஒரு பேரு இருக்குங்க.

மதுரைப் பாண்டி

எல்லாரும் பெரிய விஷயம் பேசுறீங்க, நான் ஹேகிஸ்ங்கிற இந்த ஊர்ச் சாப்பாட்ட பத்தி மட்டும் சொல்லிக்கிறேன். உலகமே அத அருவருப்பா பேசுது, அமெரிக்காவுல நுரையீரல் சேக்கக் கூடாதுன்னு 1971லருந்து தடை. ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல், கொழுப்பு, வெங்காயம், ஓட்ஸ், மிளகு, எல்லாத்தையும் ஆட்டு இரைப்பையில அடைச்சு வேக வைக்கிறாங்க. ஒரு ஆட்ட அடிச்சா எதையும் வீணாக்காத ஏழை வீட்டுச் சாப்பாடு. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை குடல் குழம்பும் நுரையீரல் வறுவலும் சாப்பிட்டு வளந்தவன் நான், மொத வாய் வச்சப்பவே ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு. இங்க ஹேகிஸ் பக்கோடாவே கிடைக்குது, கிளாஸ்கோ கடைகள்ல நம்ம பக்கத்து ஆளுங்க போட்டுக் கொண்டுவந்தது.

ஆனா ஜனவரி 25 பர்ன்ஸ் ராத்திரியில, அதான் இந்த ஊர்க் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பொறந்த நாள ஹேகிஸ் வச்சுக் கொண்டாடுற ராத்திரியில, ஒண்ணு உறுத்துது. மனுஷனுக்கு மனுஷன் சமம்னு பாடின ராபர்ட் பர்ன்ஸ், 1786ல கையில காசில்லாம ஜமைக்காவுல அடிமைத் தோட்டத்துக்குக் கணக்குப்பிள்ளையா போக கப்பல் டிக்கெட்டுக்கே ஏற்பாடு பண்ணிட்டாரு. புஸ்தகம் வித்துச்சு, அதனால போகல. கிளாஸ்கோல புகானன் தெரு, கிளாஸ்ஃபோர்ட் தெரு எல்லாம் அடிமைங்க உழைப்புல சம்பாதிச்ச புகையிலை முதலாளிங்க பேரு, ஜமைக்கா தெருன்னே ஒண்ணு இருக்கு. அந்த அடிமை வியாபாரத்துல ஊருக்கு இருந்த பங்குக்கு 2022ல மாநகராட்சி மன்னிப்புக் கேட்டுச்சு. பர்ன்ஸ் ராத்திரியில இதையும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கொண்டாடினா நான் இன்னும் சந்தோஷமா போவேன்.

மலைநாட்டுப் பேத்தி

கணக்குப்பிள்ளைங்கிற வார்த்தைய அந்த இடத்துல படிச்சதும் திக்குன்னு ஆயிருச்சு. எங்க தோட்டத்துலயும் அந்த வேலைக்கு அதே பேருதான்.

கிளாஸ்கோ அக்கா

ஒரு வாரமா நீங்க எழுதினத எல்லாம் ராத்திரி டியூட்டி பிரேக்ல படிச்சேன். பையனுக்கும் படிச்சுக் காட்டினேன், அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும். ரோசால் பத்தினதையும் கடைக்கார அண்ணன் எழுதினதையும் ரெண்டு தடவ படிக்கச் சொன்னான்.

திரும்பக் கடைக்குப் போனோம். கிளான் இல்லன்னா என்னன்னு அவனே கேட்டான். ஊர் பேர்ல, மாவட்டத்துப் பேர்ல, யார் வேணா கட்டிக்கிற மாதிரியும் டார்டன் இருக்குன்னு அந்தம்மா காட்டினாங்க. 2009லருந்து அரசாங்கத்துல டார்டன் பதிவேடே இருக்காம், காரணம் காட்டி யார் வேணா புதுசா ஒண்ணு பதிஞ்சுக்கலாம். கிளாஸ்கோ பேர்ல உள்ளதையே எடுத்தான். வேற எதையும் தொட்டுக்கூடப் பாக்கல.

நேத்து சாயங்காலம் ஒத்திகையா கட்டிப் பாத்தான், எனக்கு எப்படின்னு தெரியல, இணையத்துல பாத்துக் கட்டினா ஒரு பக்கம் இறங்கி நிக்குது. கீழ் வீட்டுப் பெரியவர் கதவத் தட்டினேன். மூட்டு வலிக்காரரு, படி ஏறி வந்தாரு. மடிப்பெல்லாம் பின்னாடி, முன்னாடி தட்டையா இருக்கணும், தொங்கல் வலது பக்கம்னு சொல்லிக் குடுத்தாரு. இவன முட்டி போட வச்சு ஓரம் தரையத் தொடாம சரியா நிக்குதான்னு பாத்தாரு. அப்புறம் தன்னோட முள்ள, அதான் கில்ட்ல குத்துற பெரிய ஊசி, பாக்கெட்டுலருந்து எடுத்துக் குடுத்தாரு. இவன் ரெண்டு துணியையும் சேத்துக் குத்தப் போனான். கையப் பிடிச்சுக்கிட்டாரு. "மேல் துணியில மட்டும் குத்து, ரெண்டையும் சேத்துக் குத்தினா நடக்கிறப்ப இழுத்துக் கிழிஞ்சிரும். என் கல்யாணத்தன்னைக்கு நான் அப்படித்தான் கிழிச்சேன், அவ ராத்திரி உக்காந்து தச்சுக் குடுத்தா"ன்னாரு. முள்ள ஜூன் முடிஞ்சதும் குடுத்தா போதும்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாரு.